இடது பக்கத்து பிரேக்

நிப்பாட்டுங்க டீச்சர், நிப்பாட்டுங்க, ரயில்வே கேட்டு போட்டுட்டான். அவ்வளவுதான். பாத்தீங்களா எப்படி நின்னுச்சுன்னு? நாந்தான் மிதிச்சேன். நீங்களும் மிதிச்சீங்களா? மிதிச்சிருப்பீங்க, நான் இல்லைங்கல. ஆனா நான் முந்தி மிதிச்சேன். நியூட்ரலுக்குக் கொண்டாந்து, ஹேண்ட் பிரேக்கப் போட்டு, ஆஃப் பண்ணீருங்க. இந்தக் கேட்ட ஒருக்கா சாத்துனான்னா லேசுல தொறக்க மாட்டான். ஒரு ரயிலு போகும், அப்புறம் எதுக்க ஒண்ணு வரும், அப்புறம் கேட்டுக்காரன் டீ குடிப்பான்.

ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. கெளம்பறப்ப என்ற ஊட்டுக்காரி உங்க காதுல ஏதோ சொன்னா. நீங்களும் என்னையப் பாத்துட்டு வாயப் பொத்திட்டுச் சிரிச்சீங்க. எங்கிட்ட வர்ற எல்லார்த்து காதுலயும் சொல்றா. என்னன்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களும் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். 'அவரு பக்கத்துல இருக்கறவரைக்கும் ஒரு பயமும் இல்லை'ன்னு சொல்லியிருப்பா. புருஷனப் பத்தி நேருக்கு நேரா பெருமை பேச வெக்கப்படற ஜென்மமுங்க அது. தெய்வாத்தாள்னு பேரு. பேருக்கேத்த மாதிரிதான் இருப்பா, கோவம் வராத வரைக்கும்.

இந்தா, என்ற காலுக்குக் கீழ பாருங்க. டிரைவிங் ஸ்கூல் வண்டின்னா வாத்தியார் உக்கார்ற இடது பக்கமும் ஒரு பிரேக் பெடல் இருக்கும். இதுல இருந்து ஒரு கம்பி அடியிலயே போயி உங்க பிரேக்கப் புடிச்சுக்கும். நான் இங்க மிதிச்சா அங்க உங்க பெடல் தானா அமுங்கும். படிக்க வர்றவங்க பதட்டத்துல எதையாவது மாத்தி மிதிச்சா, காப்பாத்தறதுக்கு இதுதான்.

மத்த வாத்தியாருக என்ன பண்ணுவானுங்க? கால மடக்கி வெச்சுட்டு செல்லை நோண்டுவானுங்க. நம்ம ஸ்கூலுக்கு எதுத்த மாதிரியே ஒரு ஸ்கூல் போட்டிருக்கறான் பாருங்க, குழந்தைவேலு, எனக்குப் பங்காளி முறை. அவன் சீட்டச் சாச்சுப் போட்டுட்டு வாயத் தொறந்துட்டுத் தூங்கறான். படிக்கற பையன் பாட்டுக்கு ஓட்டிட்டுப் போறான். அதெல்லாம் ஒரு பொழப்பா? நான் அப்படி இல்லைங்க. வண்டில ஏறி உக்காந்ததுல இருந்து எறங்கற வரைக்கும் எங்கால் பெடல் மேலதான். சும்மா மேல இல்லை. கொஞ்சம் அழுத்தமா. அப்பத்தான் அவசரம்னா சட்டுனு புடிக்கும். எப்பவும் பாதி மிதிச்சே இருந்தா, மீதி மிதிக்கறதுக்கு எவ்வளவு நேரமாகும்? நீங்க கணக்கு டீச்சர்தானுங்களே, நீங்களே சொல்லுங்க.

இத்தனை பொறுப்பா இருந்த எனக்கு இந்த வண்டி என்ன கைம்மாறு பண்ணுச்சுங்கறீங்க? போன ஆடி முடிஞ்சதும் ஆரம்பிச்சுதுங்க கெரகம். காலையில மொத ஆளு ஓட்டறப்ப ஒண்ணும் தெரியாது. மூணாவது ஆளு வர்றப்ப ரப்பர் கருகற மாதிரி ஒரு வாசம். முன்சக்கரத்துகிட்டப் போயி நின்னா முகத்துல அனல் அடிக்குது. தெரியாம நட்டு மேல வெரல வெச்சுட்டேன், பொத்துப் போச்சு. பாட்டில்ல இருந்த தண்ணிய ஒரு சொட்டு தெளிச்சா, தோசைக்கல்லு மாதிரி சொய்யுனு சத்தம் போடுது. படிக்க வர்ற புள்ளைக எல்லாம் 'சார், வண்டி இழுக்கவே மாட்டேங்குது'ங்குதுக. நான் என்ன சொல்றது? 'ஆக்ஸிலேட்டர மிதிங்க கண்ணு, நல்லா மிதிங்க, வண்டி ஓட்ட தைரியம் வேணும்'பேன். அதுகளும் மிதிக்கும். வண்டி முக்கி முனகிட்டு நகரும்.

கொண்டு போயி சிக்கந்தர்கிட்ட விட்டேன். சந்தைக்குப் பின்னால ஷெட்டு வெச்சிருக்கறானே, அவன்தான். நல்ல வேலைக்காரன், வாய்தான் சாஸ்தி. ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தச் சுத்தி விட்டான். பம்பரமாட்டம் சுத்துது. "ணா, பிரேக் எங்கயும் ஒட்டலையேங்ணா"ங்கறான். எனக்குச் சுர்ருனு வந்துருச்சு. அப்ப நான் பொய் சொல்றனாடான்னு கேட்டேன். சரின்னு சக்கரத்தக் கழட்டுனான்.

காலிப்பர்னு ஒண்ணு இருக்குதுங்க டீச்சர். சுழல்ற டிஸ்க்க ரெண்டு பக்கமும் பேடு வெச்சு இடுக்கி மாதிரி கவ்விப் புடிக்கறது. கால எடுத்தா அது விலகிரணும். விலகாம ஒட்டிட்டே இருந்தா, உராஞ்சு உராஞ்சு சூடாகும். அது ஏறி எறங்கற பின்னு துரு புடிச்சிருக்கும்னு கழட்டித் தொடைச்சு கிரீஸ் வெச்சான். அடுத்த வாரம் அதே சூடு. அப்புறம் எண்ணெய் போற ஓஸ் உள்ளுக்குள்ள அடைச்சிருக்கும்னு ஓஸ மாத்துனான். அதே சூடு. ஹேண்ட் பிரேக் கேபிள் இறுக்கமோன்னு தளர்த்தி விட்டான். அதே சூடு. பிரேக் எண்ணெயையே முழுசா வடிச்சான். காப்பித் தண்ணி மாதிரி கருப்பா வருது. "இது காஞ்சு கொதிச்ச எண்ணெய்ங்ணா, ரெண்டு பேடும் தேஞ்சு தகடாயிருக்குது, இப்பத்தான மாத்துனோம்"னு தலையச் சொறியறான். புதுசு ஊத்துனான், பேடு புதுசு போட்டான். அதே சூடு.

இதுல அநியாயம் என்னன்னா, ஒவ்வொருக்காவும் வேலை முடிச்சதும் அவன் தனியா குன்னத்தூர் ரோட்டுல ஒரு நடை போயிட்டு வருவான். வந்து சக்கரத்து மேல கைய வெச்சுட்டு ஊர்க்கதை பேசுவான். அத்தனை குளிர்ச்சியா இருக்குது. நான் ஒரு ஆள ஏத்திட்டுப் போயிட்டு வந்தா கொள்ளிக்கட்டை. வண்டிக்கு என்னைய மட்டும் கண்டா ஆகலை. வேற என்னன்னு நெனைக்கறது? குழந்தைவேலு கண்ணு பட்டிருக்கும்னு திருஷ்டிப் பூசணிக்காய் வாங்கி ஸ்கூலுக்கு முன்னால நடுரோட்டுல ஒடைச்சேன். அவன் எதுத்த வாசல்ல நின்னு, "ஏனப்பா நாச்சிமுத்து, பொரியலுக்கு ஒரு துண்டு எடுத்து வெக்கலையா?"ங்கறான். லொள்ளு புடிச்சவன்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தெய்வாத்தா ஆரம்பிச்சா.

எங்களுக்கு ஒரே புள்ளைங்க, நிவேதான்னு, கோபியில கட்டிக் குடுத்திருக்கறோம். அப்ப மாசமா இருந்துது. மாமியார் இல்லாத ஊடு. இவ வாரம் தவறாம பலகாரம், கொழம்பு, கீரைன்னு பையத் தூக்கிட்டு பஸ் ஏறுவா. குன்னத்தூர்ல எறங்கி மாறணும். அங்க வெயில்ல நிப்பா. 'ஊட்டுல காரு நிக்குது, நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்'ன்னு சாடை பேசுவா. நான் கூட்டிட்டுப் போறேன்னுதான் சொல்லுவேன். ஞாயித்துக்கெழமை போலாம்பேன். ஞாயித்துக்கெழமைதான் படிக்க ஆளுக நெறைய வரும். அப்புறம் எங்க போறது? ஒரு நா பையக் கீழ வெச்சுட்டு, "எனக்கு வண்டி சொல்லிக் குடுங்க மாமா, நானே போய்க்கறேன்"னுட்டா.

சொல்லிக் குடுத்தேன். யாருக்குச் சொல்லிக் குடுத்தாலும் இல்லாத கஷ்டம் அதுல ஒண்ணு இருந்துதுங்க. அவ ஸ்டேரிங்கப் புடிச்சான்னா எங்கால் தானா இன்னும் கொஞ்சம் கனமாயிரும். அவ மேல நம்பிக்கை இல்லாம இல்லை. புள்ளை கட்டிக்கிட்டுப் போயிருச்சு, எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். லாரி ஒண்ணு எதுக்க வந்தா காலு அமுக்கத்தான செய்யும்?

அவளும் நல்லாத்தான் பழகுனா. ஆக்ஸிலேட்டர மட்டும் காரணமில்லாம பலமா மிதிப்பா. நாந்தான் சொல்லிக் குடுத்தேன், அது வேற விஷயம்.

டெஸ்டுக்குப் போனோம். டெஸ்டுல நான் கீழ எறங்கி நிக்கணும், இன்ஸ்பெக்டர் என்ற சீட்டுல உக்காருவாரு. அவரு 'எடுங்கம்மா'ன்னாரு. இவ பழகுன மாதிரியே ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டு கிளச்ச விட்டா. வண்டி தவளை மாதிரி எகிறுச்சுங்க டீச்சர். எதுக்க அடுக்கி வெச்சிருந்த டயருக மேல போயி முட்டுச்சு. இன்ஸ்பெக்டர் கண்ணாடி கழண்டு பின்சீட்டுல கெடக்குது. பெயிலு. அடுத்த தடவையும் அதே மாதிரி எகிறி, ஓரமா வெச்சிருந்த கம்பத்த நட்ட இடத்துல இருந்து பிடுங்கிட்டுப் போயி நின்னா. இன்ஸ்பெக்டர் எறங்கி வந்து, "நாச்சிமுத்து, உங்க ஸ்கூல்ல இருந்து வர்றவங்க மட்டும் ஏன் இப்படி ராக்கெட் உடறாங்க?"ன்னு கேட்டாரு. உண்மைதான். அந்த சீசன்ல என்ற ஆளுக வரிசையா பெயிலு. நான் கூட கிரவுண்டு கெழக்கால சரிவா இருக்குதுன்னு சொல்லிப் பாத்தேன். அவரு ஒரு பேனாவக் கீழ வெச்சுக் காட்டுனாரு. உருளலை. பேனாவ வெச்சு என்ன தெரியும்?

அன்னைக்கு ஊட்டுக்கு வந்து அவ சேலைத் தலைப்ப இழுத்துச் செருகிட்டு சொன்னா பாருங்க. "இன்னொரு தடவை போறேன். அதுலயும் ஆகலைன்னா எதுத்தாப்ல குழந்தைவேலண்ணன்கிட்டப் போயி சேந்துக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நாச்சிமுத்து சம்சாரம் குழந்தைவேலு ஸ்கூல்ல வண்டி பழகறாள்னா ஊருக்குள்ள நான் தலை காட்ட முடியுமா? இத்தனை வருஷமா 'ஸ்ரீ அண்ணமார் டிரைவிங் ஸ்கூல், குடும்பப் பெண்களுக்குத் தனிக் கவனம்'னு போர்டு வெச்சிருக்கறேன். என்ற குடும்பப் பெண்ணு எதுத்த கடைக்குப் போனா அந்த போர்ட நானே கழட்டி அடுப்புல வெக்க வேண்டியதுதான். கெஞ்சிப் பாத்தேன், மெரட்டிப் பாத்தேன். "நான் சொன்னா சொன்னதுதானுங்க. எனக்குப் புள்ளையப் பாக்கணும்"னா. சொல்றப்ப கண்ணு ரெண்டும் ரொம்பிருச்சு.

சரி, விடாப்பிடியா பழக்கிருவோம்னு மறுநாளே கூட்டிட்டுப் போனேன். அன்னைக்குத்தான் அந்தக் கண்டம். பாலத்து மேல ஏறி, எறக்கத்துல வர்றோம். முன்சக்கரத்துல இருந்து குபுகுபுன்னு பொகை. ரோட்டுல போறவனெல்லாம் கைய ஆட்டறான். நான் மிதிக்கறேன், பெடல் பாட்டுக்கு உள்ள போகுது, பஞ்சு மாதிரி. அவளும் மிதிக்கறா, அவளுதும் உள்ள போகுது. வண்டி நிக்கலைங்க டீச்சர். பிரேக்கே இல்லை. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அவதான் கியர ஒவ்வொண்ணா கொறைச்சு, ஹேண்ட் பிரேக்க மெல்ல மெல்ல இழுத்து, எளநிக் கடைக்காரன் வண்டிக்கு ஒரு முழம் முன்னால கொண்டாந்து நிறுத்துனா. எளநிக்காரன் அருவாளோட ஓடிட்டான். அவ எறங்கி நிக்கறா. நான் அவளைப் பாத்தேன், எனக்கு அழுகை வந்துருச்சு. வெக்கமில்லாம சொல்றேன், வந்துருச்சு.

சிக்கந்தர் வந்து பாத்தான். எண்ணெய் கொதிச்சு உள்ள ஆவி கட்டிருச்சாம், அதனாலதான் மிதிச்சா புடிக்கலையாம். ஆறட்டும், ஆறுனாத் திரும்ப புடிக்கும்னான். "ஆனா ணா, ஏன் கொதிக்குதுன்னு கண்டுபுடிக்காம இனி இந்த வண்டிய ரோட்டுல எறக்காதீங்க. ஒருத்தர் உசுரு போயிரும்"னான். அன்னைக்கு அவன் மூஞ்சியில சிரிப்பே இல்லை.

சாயங்காலம் தெய்வாத்தா எனக்குக் காலு புடிச்சு விட்டுட்டு இருந்தா. எனக்கு இந்த வலது காலு கெண்டைச்சதை மட்டும் பொழுது எறங்குனா கல்லாட்டம் வீங்கிக்கும். விளக்கெண்ணெய் போட்டு நீவி விடுவா. செருப்பும் அப்படித்தான், வலது கால் மட்டும் ஓட்டையாயிரும், இடது புதுசா இருக்கும். செருப்புக் கடைக்காரன்கிட்ட சண்டையே போட்டிருக்கறேன். நீவிட்டே கேக்கறா: "ஏனுங் மாமா, வண்டி சூடாகற அன்னைக்குத்தான் உங்களுக்குக் காலும் சாஸ்தியா வீங்குது. கவனிச்சீங்களா?"

"கவனிக்காம என்ன? வண்டிச் சூடு பெடல் வழியா காலுக்கு ஏறுது"ன்னேன்.

அவ நீவறத நிறுத்திட்டு என்னையவே பாத்தா. அப்புறம், "நாளைக்குச் சிக்கந்தரண்ணனப் பின்னால உக்கார வெச்சு ஒரு நடை போலாம்"னா. எதுக்குடின்னேன். எண்ணெய்க் கிண்ணத்த எடுத்துட்டு உள்ள போயிட்டா.

போனோம். ஊருக்கு வெளிய காலி ரோடு, அவ ஓட்டறா, நான் இங்க, சிக்கந்தர் பின்னால. பின்னால உக்காந்தவன் ரோட்டப் பாக்கணுமா இல்லையா? அவன் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல தலைய உட்டு என்ற காலையே பாத்துட்டு வர்றான். கொஞ்ச தூரம் போனதும், "ணா, அந்தக் கால ஒரு நிமிஷம் மேல தூக்குங்களேன்"ங்கறான். தூக்குனேன். வண்டி எகிறிப் பாஞ்சுது பாருங்க! நான் பதறிப் போயி திரும்ப மிதிச்சேன், சாதுவாயிருச்சு. "பாத்தியாடா? ஒரு நிமிஷம் கால எடுத்ததுக்கே இந்தப் பாடு. இந்தக் காலு இல்லைன்னா இந்நேரம் நாம எங்க இருப்போம்?"னு கேட்டேன்.

ரெண்டு பேரும் கண்ணாடியில ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் சிரிக்கறாங்க. அவ வண்டிய ஓரங்கட்டிட்டு, ஸ்டேரிங் மேல தலைய வெச்சுட்டுச் சிரிக்கறா. பொகை வர்ற வண்டில உக்காந்துட்டு என்ன சிரிப்பு? சிக்கந்தர் கண்ணத் தொடைச்சுட்டு சொல்றான், "ணா, வண்டில ஒரு நோவும் இல்லை. நீங்க மிதிச்சுட்டே வர்றீங்க. கால எடுத்துருங்க, சூடு நின்னு போகும்." எனக்கு வந்துது பாருங்க கோவம். "நீ நட்டு முடுக்கறவன், நட்ட முடுக்கு. வாத்தியார் வேலைய எனக்குச் சொல்லித் தராத"ன்னேன். தெய்வாத்தாளும், "ஆமாங் மாமா, கொஞ்சம் எடுத்துத்தான் பாருங்களே"ன்னா. எடுக்க முடியாதுன்னுட்டேன். பாலத்து மேல ஆவி பாதி போயிட்டு வந்தவன் நான். அதுக்கப்புறம் எடுப்பேனா? செத்தாலும் எடுக்க மாட்டேன்னேன்.

அப்புறம் ரெண்டு பேரும் அதப் பத்திப் பேச்சே எடுக்கலை. நான் சொன்னது புரிஞ்சுபோச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அந்த வாரம் கொடுமுடியில எங்க சொந்தத்துல ஒரு ஒறம்பரைக் கல்யாணம். நான் முன்னால போகணும், பந்தல்ல இருந்து பந்தி வரைக்கும் நம்ம தலையிலதான். தெய்வாத்தா, "நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க, வண்டிய நான் ஷெட்டுல விட்டு வெக்கறேன்"னா. திரும்பி வந்தா வண்டி வாசல்ல நிக்குது, கழுவித் தொடைச்சு, கண்ணாடியில மாலை போட்டு. சிக்கந்தரும் நிக்கறான். "ணா, கோளாறு கெடைச்சுருச்சுங்ணா. ஒரு கம்பி தேவையில்லாம அமுத்திட்டே இருந்துது. கழட்டி எறிஞ்சுட்டேன். இனி ஜென்மத்துக்கும் சூடாகாது"ன்னான். நாந்தான் அப்பவே சொன்னனே, கோளாறு வண்டிலதான்டா, எங்கால்ல இல்லைன்னு. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா"ன்னுட்டான். மொத மொதல்ல ஒத்துக்கிட்டான். கூலி கூட வாங்க மாட்டேன்னுட்டான், அத்தனை வெக்கம்.

ஏறி உக்காந்து பெடல மிதிச்சுப் பாத்தேன். அடா அடா! நம்ம ஊத்துக்குளி வெண்ணெய் கெட்டுது போங்க. முன்ன கல்ல மிதிக்கற மாதிரி இருக்கும். இப்ப மெத்துனு போயி மெத்துனு திரும்பி வருது. ஒரு ஸ்பிரிங் போட்டிருக்கறேன்னான். இந்தா, நீங்களே கைய வெச்சு அமுத்திப் பாருங்க. எத்தனை லேசு! இந்த பிரேக்க வெச்சுட்டு நாள் பூரா மிதிச்சுட்டே போலாம். போறேன். காலு வலியும் கொறைஞ்சுது, வீக்கமும் வத்திருச்சு. நாந்தான் சொன்னனே, வண்டிச் சூடுதான் காலுக்கு ஏறிட்டு இருந்துதுன்னு.

அப்புறம் தெய்வாத்தாளப் பழக்கறது வெண்ணெய்ல கத்தி எறங்குன மாதிரி ஆயிருச்சு. மொத நா மட்டும் பழைய ஞாபகத்துல பலமா மிதிச்சு நாலஞ்சு தடவை எகிறுனா. அப்புறம் மெல்ல மிதிக்கப் பழகிட்டா. நாயி குறுக்க வரும், நான் மிதிப்பேன், வண்டி நிக்கும். பள்ளிக்கூடப் புள்ளைக வரும், மிதிப்பேன், நிக்கும். அவகிட்டக் கேட்டா, "நானும் மிதிச்சேனுங்"ம்பா. சொல்லிட்டுப் போகட்டும்.

ஒரே ஒரு தடவை பயந்துட்டேன். எதுக்க செம்மறியாட்டு மந்தை. நான் பலமா மிதிச்சேன். வண்டி நிக்கலை. அவ பாட்டுக்கு மெதுவா ஒடிச்சு, ஓரத்துல எறக்கி, ஒரு ஆட்டு மேலயும் படாம சுத்திட்டுப் போயிட்டா. அப்புறம் திரும்பிப் பாத்தா, பின்னாலயே ஒட்டிட்டு வந்துட்டு இருந்துது ஒரு மணல் லாரி. நின்னிருந்தா எங்க மேல ஏறியிருப்பான். பாருங்க, எப்ப புடிக்கணும் எப்ப புடிக்கக் கூடாதுன்னு அந்த பிரேக்குக்கே தெரிஞ்சிருக்குது. சிக்கந்தர் லேசுப்பட்டவன் இல்லைங்க.

மூணாவது டெஸ்ட்டு. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. எதுத்த கடை போர்டு கண்ணு முன்னால வந்து வந்து போகுது. இன்ஸ்பெக்டர் ஏறறப்பவே மேல இருக்கற புடிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு, பாவம். நான் கீழ நிக்கறேன். அவ கிளச்ச விட்டா. தொட்டில் ஆட்டற மாதிரி நகந்துது வண்டி. போனா, திரும்புனா, பின்னுக்கு எடுத்தா, கோட்டுக்குள்ள நிறுத்துனா. இன்ஸ்பெக்டர் புடிய விட்டுட்டு எறங்கி வந்து கைய நீட்டறாரு. நான் குடுக்கப் போனா, அவரு அவளுக்குக் குடுத்தாரு. பரவால்லை. சொல்லிக் குடுத்தது யாருன்னு அவருக்குத் தெரியாதா?

அதுக்கப்புறம் நம்மாளுக ஒருத்தர் பெயிலில்லைங்க. வர்றவங்க அத்தனை பேரும் பாஸு. குழந்தைவேலு கடையில இருந்து கூட ஆளுக இங்க வர்றாங்க. ஸ்கூலுக்கு யார் யார் எப்ப வர்றதுங்கறத இப்ப தெய்வாத்தாதான் பாத்துக்கறா. புது ஆளுகள மொதல்ல சின்ன வண்டில நம்ம ஸ்கூல்ல இருக்கற இன்னொரு வாத்தியாரு சம்பத்துகிட்டதான் அனுப்பறா. நல்லா ஓட்டப் பழகி, சொந்தமா பிரேக் போடத் தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் எங்கிட்ட அனுப்புவா. நீங்களும் அப்படித்தான வந்தீங்க? கேட்டதுக்கு, "கடைசி மெருகு உங்க கைலதானுங் மாமா"ன்னா. அது சரிதான? ஆரம்பப் பாடத்த யாரு வேணாலும் எடுக்கலாம்.

ஒரு நா ஊட்டுக்குப் பின்னால பொடக்காலில அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டிருந்தா. ஊடால ஒரு கம்பி, நல்ல உருட்டுக் கம்பி, நடுவுல வளைவோட. எங்கியோ பாத்த மாதிரி இருந்துது. எதுலதுடின்னேன். "பழைய இரும்புங், சும்மா கெடந்துது"ன்னா. கொடி நல்லாப் புடிச்சிருக்குது. குனிஞ்சு பாக்கலாம்னு நெனைச்சேன், வண்டிக்கடியிலயும் ஒருக்கா குனிஞ்சு பாக்கலாம்னு நெனைச்சேன். அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன். நல்லா ஓடற வண்டியக் குனிஞ்சு பாத்து என்னத்துக்கு ஆகப் போகுது, சொல்லுங்க.

நிவேதாவுக்குப் பையன் பொறந்திருக்கறானுங்க. இப்ப தெய்வாத்தா வாரத்துல ரெண்டு நா கோபி போறா, இதே வண்டில, தனியா. மொத தடவை போறப்ப நானும் ஏறி உக்காந்தேன். "எறங்குங்க மாமா"ன்னா. எறங்க மாட்டேன்னேன். ரோட்டுல நாலு பேரு பாக்கறப்ப ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் பட்டுனு சொல்லிட்டேன், "எனக்குப் பயமா இருக்குது தெய்வா. நீ போயிட்டா நான் எங்கடி போவேன்?"னு. இத்தனை வருஷத்துல அவகிட்ட அப்படிப் பேசினதில்லைங்க டீச்சர். அவ என்ற பக்கமா குனிஞ்சு, என்ற முழங்கால்ல ஒரு தட்டு தட்டிட்டு, "நீங்க வாசல்ல உக்காந்து மிதிங்க மாமா. எனக்கு அங்க பிரேக் புடிக்கும்"னா.

நக்கல்தான். எனக்குத் தெரியாதா?

இருந்தாலும், அவ கெளம்பிட்டாள்னா வாசல்ல ஒரு பிளாஸ்டிக் சேரப் போட்டுட்டு உக்காந்துருவேன். குன்னத்தூர் தாண்டற நேரம், அதுக்கடுத்த வளைவு வர்ற நேரம், கோபி சந்தைக் கூட்டம் வர்ற நேரம், எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தந்த நேரத்துக்கு மிதிச்சுட்டே இருப்பேன், அவ போய்ச் சேந்துட்டேன்னு போன் பண்ற வரைக்கும். நீங்க வேணா எறங்கி ஒரு சுத்து சுத்திப் பாருங்க டீச்சர். இந்த வண்டில ஒரு கீறல் இருக்குதான்னு.